ஏழாவது கேள்வி

சுபத்ரா தயாரித்த படிவத்தில் மொத்தம் பதினான்கு கேள்விகள். அதில் ஏழாவதைப் பற்றி அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சிறப்புக் கவனிப்பு தேவைப்படுகிறதா? விவரமாக எழுதவும். உங்களுக்கு உதவுவதற்காகவே கேட்கிறோம்.' கடைசி வரியை அவளே சொந்தமாக யோசித்துச் சேர்த்தாள். பின்னால் அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் கெட்டுப்போன பாலைக் குடித்ததுபோல வாய் கசந்தது.

தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குள் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. போலந்தில் ஒரு பழைய ஆலையை வாங்கியிருந்தார்கள். அங்கே மூன்று வருடம் தங்கி வேலை சொல்லிக்கொடுக்க இங்கிருந்து நான்கு பேரைக் குடும்பத்தோடு அனுப்ப வேண்டும். விசா, டிக்கெட், வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கப்பலில் போகும் சாமான்கள் என்று அனுப்புகிற பாடு முழுவதும் சுபத்ராவின் தலையில். மிக்ஸி அங்கே ஓடுமா, கறிவேப்பிலை கிடைக்குமா, ஐயப்பன் கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று நாளெல்லாம் கேள்வி வரும். மாமியாரை சாமான்களோடு கப்பலில் அனுப்ப முடியுமா என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை.

மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி அபிகாயில். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினொரு வருடம். உள்தேர்வில் முதல் மதிப்பெண். போலந்துக்காரர்களுக்கு வீடியோவில் பாடம் எடுத்து, அவர்கள் வாயிலிருந்தே "அபி, அபி" என்று வரவழைத்தவள். இன்னொருவன் ஷ்யாம்சுந்தர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், தேர்வில் ஆறாவது இடம். ஆனால் மனிதவளத் துறைத் தலைவர் லோகநாதனுக்கு அவன் தங்கை மகன். இந்த விவரம் எந்தப் படிவத்திலும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைக்கப்போகிறார்கள்?

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் சுபத்ரா அபிகாயிலை கேண்டீனில் உட்காரவைத்து படிவத்தைக் கேட்டு எழுதினாள். ஆறு கேள்விகள் வரை மடமடவென்று போனது. ஏழாவதைப் படித்ததும் அபிகாயில் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள்.

"இத அவசியம் எழுதணுமாக்கா?"

"எழுதினா நல்லதுமா. என்ன வேணுமோ அத அங்க முன்னாடியே ஏற்பாடு பண்ணிடலாம். உங்களுக்காகத்தான கேக்கறது."

அபிகாயில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஜீவிதாவுக்கு ரெண்டு காதும் மிஷின் வச்சாத்தாங்கா கேக்கும். பொறந்ததுலேருந்தே. ஏழு வயசாகுது. இங்க யாருக்கும் சொன்னதில்ல. சொன்னா 'ஐயோ பாவம்'னு ஒரு மூஞ்ச காட்டுவாங்க பாருங்க, அத என்னால பார்க்க முடியாது. ஸ்கூல்ல மூணாவது பெஞ்சுல ஒக்கார வச்சிருக்காங்க. டீச்சர் போர்டு பக்கம் திரும்பிட்டா இவளுக்கு ஒண்ணும் புரியாது. முன்னாடி ஒக்கார வைங்கன்னு போய்க் கேட்டா, உங்க பொண்ணு ஒருத்திக்காக வரிசைய மாத்த முடியாதுங்கறாங்க."

அவர்கள் வீடு அனகாபுத்தூரில், ஆற்றோரத்துச் சந்தில் இருந்தது. மழைக்காலத்தில் சந்துக்குள் தண்ணீர் வந்தால் அபிகாயிலும் அவள் கணவன் ஜோஷ்வாவும் முதலில் அந்த மிஷின் டப்பாவைத்தான் பரண்மேல் ஏற்றுவார்களாம். அதற்குப் பிறகுதான் கேஸ் சிலிண்டர், பீரோத் துணி எல்லாம்.

சுபத்ரா ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டாள். பத்து நாள் போலந்துக்கு மெயில்மேல் மெயில் போட்டு ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்தாள். அங்கே ஆசிரியை கழுத்தில் சின்ன மைக் மாட்டிக்கொள்வாராம். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பேசினாலும் குரல் நேரே குழந்தையின் காது மிஷினுக்குப் போய்விடுமாம். இரண்டாம் வகுப்பில் ஒரே ஒரு இடம் இருந்தது. அதைப் பிடித்து வைக்கச் சொன்னாள். சொன்ன அன்று அபிகாயில் கேண்டீன் என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுபத்ராவுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

தேர்வுக் கூட்டம் ஜூலை இரண்டாம் வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். இரண்டு நாள் முன்பு லோகநாதன் நான்காம் இடத்துக்கான இரண்டு படிவங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "சும்மா ஒரு கிளான்ஸ் பார்த்துட்டுத் தரேம்மா" என்றார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத முகம் அவருக்கு. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் பதினெட்டு வருடமாக மனிதவளத்தைக் காத்துவருகிறார்.

வியாழக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு சுபத்ரா குரோம்பேட்டை வீட்டுக்கு வந்து கைகால் அலம்பிக்கொண்டிருந்தாள். கணவர் இன்னும் மேடவாக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். அழைப்புமணி அடித்தது. வாசலில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு அம்மாள். பக்கத்தில் டிரைவர் சக்கரம் வைத்த ஒரு நீலநிறப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கைப்பிடியில் மஞ்சள் துணி.

"நீதாம்மா சுபத்ரா? நான் லோகநாதன் தங்கச்சி, சுந்தரவல்லி. சேலையூர்லேருந்து வர்றேன். தள்ளும்மா, ஆறரைக்குள்ள வச்சுடணும்னாரு ஜோசியரு."

சுபத்ரா ஒன்றும் புரியாமல் தள்ளி நின்றாள். பெட்டி கூடத்துக்குள் வந்து மூலையில் உட்கார்ந்தது. சுந்தரவல்லி அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"பரஸ்தானம்மா. உனுக்குத் தெரியாததா? ஆடி பொறந்துட்டா பயணம் கெளம்பக் கூடாதுல்ல. அதுக்குள்ள நல்ல நேரத்துல பெட்டி வூட்ட வுட்டு வெளிய வந்துடுச்சுன்னா, புள்ள ஆனியிலயே கெளம்புன மாதிரி. போற தெசையில வைக்கணுமாம். போலந்து வடமேக்கால கீதாம். எங்க வூட்டுலேருந்து வடமேக்கால தெரிஞ்ச வூடு எதுடான்னு பார்த்தா, அண்ணன்தான் சொல்லுச்சு, எங்க ஆபீஸ் பொண்ணு குரோம்பேட்டையில கீது, எதுவும் பேசாது, நல்ல பொண்ணுன்னு."

"யாரு கிளம்பறாங்க?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? எம்புள்ள ஷ்யாம்சுந்தர்தான். நீதான டிக்கெட்டு போடுற?" சுந்தரவல்லி குரலில் கள்ளம் இல்லை. நாளைதான் கூட்டம் என்பதோ, இன்னொரு பெண் பெயர் இருக்கிறது என்பதோ அவளுக்குத் தெரியாது. "ரெண்டு வேட்டி, ஒரு சட்டை, கொஞ்சம் அரிசி பருப்பு, மஞ்சள் கெழங்கு போட்டு வச்சிருக்கேன். அவன் கெளம்புற அன்னிக்கு வந்து எடுத்துக்குவான். அதுவரைக்கும் இந்தப் பெட்டி தெக்கால திரும்பி வரவே கூடாதும்மா. வந்துச்சுன்னா பயணம் பாழு."

அவள் போனபிறகு சுபத்ரா வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மறைவாகச் செய்வார்கள், கொஞ்சம் கூசுவார்கள். இவர்கள் திருட்டுச் சாமானுக்குக் கற்பூரம் காட்டி, பறிகொடுத்தவளின் குழந்தைக்குப் பள்ளியில் இடம் பிடித்துக்கொடுத்தவள் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எதுவும் பேசாது, நல்ல பொண்ணு. அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை ஆட்டோவில் பெட்டியை ஏற்றினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்குப் பார்த்து, சானடோரியத்துக்கு.

கூட்டம் பன்னிரண்டே காலுக்கு. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்பதால் லோகநாதன் எப்போதும் அப்படித்தான் வைப்பார். அறையில் மூன்றே பேர். முடிவெடுக்க ஆலைத் தலைவர் சுப்ரமணியன், எடுத்துச் சொல்ல லோகநாதன், பேசியதைக் குறிப்பெடுத்து அன்று மாலையே போலந்துக்கு அனுப்ப சுபத்ரா. அதைப் படித்து அங்குள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டால்தான் பெயர் உறுதியாகும். பெட்டியை அவள் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள்.

லோகநாதன் அபிகாயிலின் படிவத்தைக் கையில் எடுத்தார். குரலில் அப்படி ஒரு இரக்கம். "திறமையான பொண்ணுதான் சார், இல்லேங்கல. ஆனா ஃபேமிலி சிச்சுவேஷன் சரியில்ல. கொழந்தைக்குக் காது கேக்காதாம். பாஷை தெரியாத ஊரு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. அந்தக் கொழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சார், மிஷின் வச்சா அந்தக் குழந்தைக்கு நல்லாவே கேக்கும்" என்றாள் சுபத்ரா. "அதுக்கு ஏத்த ஸ்கூல் பார்த்து இடமும் பிடிச்சாச்சு. அவங்க லெட்டர் ஃபைல்லயே இருக்கு."

"ஏம்மா, 'சிறப்புக் கவனிப்பு தேவை'ன்னு எழுதியிருக்கறது நீதான? கீழ உன் கையெழுத்துதான?" லோகநாதன் படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவள் கையெழுத்துதான். ஏழாவது கேள்விக்கு நேரே, நீல மையில், குண்டு குண்டாக. உதவிக்கென்று கேட்டு வாங்கியதைக் கத்தியாக்கி, பிடியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார் மனுஷன். சுபத்ரா எழுந்துபோய்ப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து மேஜைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

லோகநாதனின் முகம் வெளிறியது. மாட்டிக்கொண்டோம் என்ற பயமாக இருக்கும் என்றுதான் சுபத்ரா நினைத்தாள். "அடிப்பாவி, இத எதுக்கு இங்க எடுத்தாந்த?" என்று அவர் கேட்ட பிறகுதான் பயம் வேறு எதற்கோ என்று புரிந்தது.

சுப்ரமணியன் மஞ்சள் தடவிய மூலைகளைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பரஸ்தானமா? யாருது?"

"ஷ்யாம்சுந்தரோடது சார். நேத்து சாயந்தரம் ஆறரைக்கு முன்னாடி எங்க வீட்டுல கொண்டுவந்து வச்சாங்க. யாரு போறாங்கன்னு இன்னிக்குத்தான் நாம முடிவு பண்ணப்போறோம்."

சுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன லோகநாதன் இது. இன்னும் பேரே முடிவாகலையே."

"தங்கச்சி அவசரப்பட்டுட்டா சார். ஆடி வந்துருதேன்னு..."

இனி ஷ்யாம்சுந்தர் போக முடியாது என்று சுபத்ரா நினைத்தாள். சுப்ரமணியன் கண்டிப்பானவர். ஒரு போல்ட் அரை மில்லிமீட்டர் தவறியதற்காக மொத்தச் சரக்கு லாரியையும் திருப்பி அனுப்பியவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"சரி, அது தப்புதான். ஆனா நீங்க ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க? வச்ச பெட்டியத் திருப்பக் கூடாதுன்னு தெரியாதா?"



"வச்சது வச்சாச்சு" என்றார் சுப்ரமணியன். "ஒரு பையனோட பயணத்த முறிச்ச பழி நமக்கு எதுக்கு? அந்தப் பொண்ணு அடுத்த பேட்ச்ல போகட்டும். சின்ன வயசுதான. லோகநாதன், நம்ம கார்லயே அனுப்பிப் பெட்டிய மறுபடி அதே இடத்துல வச்சிட்டு வரச் சொல்லுங்க. பரிகாரம் ஏதாவது உண்டான்னு ஜோசியர் கிட்டயும் கேட்டுக்கோங்க."

அவ்வளவுதான். பதினொரு வருட வேலை, முதல் மதிப்பெண், இரண்டாம் வகுப்பில் ஒரு இடம், எல்லாவற்றுக்கும் எதிராக இரண்டு வேட்டியும் ஒரு மஞ்சள் கிழங்கும். இதைத் தந்திரம் என்றுகூடச் சொல்ல முடியாது என்பதுதான் சுபத்ராவுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மனிதர் மனசாரச் சொன்னார். ஒரு குழந்தையின் காதைவிட ஒரு பெட்டியின் திசை அவருக்கு நிஜமாகவே பெரிதாகத் தெரிந்தது.

கார் நிற்கும் இடத்தில் அபிகாயில் காத்துக்கொண்டிருந்தாள். லோகநாதன் அதற்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டிருந்தார், குழந்தையின் நல்லதுக்குத்தான் என்று. அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுபத்ராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, பாப்பா மிஷின் விஷயம் இந்தக் கம்பெனில உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

டிரைவர் பின்கதவைத் திறந்து பெட்டியை ஜாக்கிரதையாக ஏற்றினான். அபிகாயில் பெட்டியையும் பார்த்தாள், சுபத்ராவையும் பார்த்தாள், திரும்பித் தன் பிரிவுக்கு நடந்தாள்.

சாயந்தரம் நாலு மணிக்கு சுபத்ரா குறிப்பு எழுத உட்கார்ந்தாள். "வழக்கம்போல போட்டுடும்மா, குடும்பச் சூழ்நிலை ஒத்துவரலன்னு" என்று லோகநாதன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வருடமாக அவள் வழக்கம்போலத்தான் போட்டிருக்கிறாள். வழவழவென்று, யார் கையிலும் சிராய்க்காத இங்கிலீஷில். எத்தனை பேருடைய குடும்பச் சூழ்நிலை அப்படி ஒத்துவராமல் போனதோ, அந்தக் கேள்வியே இன்றுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று வழக்கத்தை விட்டாள். யார் என்ன சொன்னார்களோ அதை வரிசையாக எழுதினாள். பெட்டி எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரால், எந்தத் திசையில் வைக்கப்பட்டது என்று எழுதினாள். வைத்துவிட்டதால் அவனே போகட்டும் என்று ஆலைத் தலைவர் முடிவு செய்தார் என்று எழுதினாள். கடைசியில், 'குழந்தையைப் பற்றிய தகவலை உதவிக்கென்று சொல்லி வாங்கியவள் நான். அது தாய்க்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது' என்றும் எழுதி அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் போலந்து நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, அதற்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று திகைத்துப்போய் மூன்று கேள்விகள். அதன் கீழே ஒரு உத்தரவு. நான்காவது இடத்துக்கு மதிப்பெண் மட்டுமே கணக்கு. படிவத்தைப் புதிதாக வாங்கி, நேரடியாக அவர்களுக்கே அனுப்ப வேண்டும். குழந்தையைப் பற்றிய பழைய தகவல் முறையின்றி வெளியானதால் அதை எல்லாக் கோப்புகளிலிருந்தும் அழித்துவிட வேண்டும். இனி புதிய படிவத்தில் உள்ளபடிதான் வீடு, பள்ளி எல்லாம்.

சுபத்ராவுக்கு அன்றே விளக்கம் கேட்டு மெமோ வந்தது. லோகநாதன் பேச்சை நிறுத்திக்கொண்டார். சுந்தரவல்லி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். "உன் வூட்டுல வச்சது என் புத்தி கெட்டதும்மா" என்று வாசலில் நின்று சொன்னாள். சுபத்ரா கதவைச் சாத்திக்கொண்டாள். எது எப்படியோ, அபிகாயில் போகிறாள். அது போதும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை அபிகாயில் அவள் மேஜைக்கு வந்தாள். கேண்டீன் வேண்டாம் என்றுவிட்டாள். படிவத்தை சுபத்ரா எழுதவும் விடவில்லை. தானே பேனாவை எடுத்து ஒன்று முதல் ஆறு வரை எழுதினாள். ஏழாவதில் நிற்கக்கூட இல்லை. 'இல்லை' என்று எழுதிவிட்டு எட்டுக்குப் போனாள்.

சுபத்ரா படிவத்தின்மேல் கையை வைத்தாள். "அபிகாயில், அந்த ஸ்கூல் இடம் இந்தப் பதிலை வச்சுத்தான் கிடைக்கும். பழசெல்லாம் அழிக்கச் சொல்லிட்டாங்க. இல்லைன்னு போட்டா சாதாரண ஸ்கூல்தான் தருவாங்க. அந்த மைக் எல்லாம் இருக்காது."

"தெரியும்கா."

"இந்தத் தடவை இது நேரா அவங்களுக்குத்தான் போகும். இங்க ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. நம்பும்மா."

"உங்கள நான் தப்பு சொல்லலக்கா. நீங்க மட்டும் அப்படி எழுதலன்னா எனக்கு இந்த எடமே இல்ல. மெமோ வந்துச்சாமே, கேள்விப்பட்டேன்." அபிகாயில் மெதுவாக அவள் கையை விலக்கினாள். "அங்கயும் ஒரு லோகநாதன் இருப்பாரு. போலந்து பாஷைல பேசுவாரு, அவ்வளவுதான். இங்கயும் சாதாரண ஸ்கூல்தான. டீச்சர் வாயப் பார்த்து சமாளிச்சுக்கறா. அங்கயும் சமாளிச்சுக்குவா."

"அந்த பாஷைல வாயப் பார்த்து எப்படிம்மா..."

அபிகாயில் பதினான்கு வரை எழுதி முடித்து, விசாவுக்கான புகைப்படங்களை மேஜையில் வைத்தாள். ஜீவிதாவுக்கு வழக்கமான ரெட்டைப் பின்னல் இல்லை. முடியை அவிழ்த்து, இரண்டு காதும் மறையும்படி முன்னால் இழுத்து விட்டிருந்தார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னது கேட்காததுபோல, குழந்தை அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அபிகாயில் போனபிறகு சுபத்ரா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மெயில் எழுதினாள். இடம் தேவைப்படவில்லை, வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடலாம், நன்றி. பிறகு படிவத்தைக் கையில் எடுத்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை எனச் சரிபார்த்தேன்' என்று அச்சிட்டிருந்தது. அதையும் அவள்தான் சேர்த்திருந்தாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.